மீன் வாடை இல்லாத பன்றி

பழவேற்காட்டில் மீன் வாடையைப் பற்றிப் பேசுகிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். கோட்டைக்குப்பத்தில் பிறந்தவர்களின் மூக்குக்கு அது வெறும் காற்று. ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் கோட்டைக்குப் பன்றி வளர்த்த தானியேல் மாட்டிக்கொண்டதும் அதனால்தான். ஊரில் எல்லோரையும் போல மீன் குடலும் இறால் தலையும் போட்டுத்தான் வளர்த்தான். கறி மீனாய் நாறுகிறது, அழுகியதைக் கொடுத்துவிட்டான் என்று கோட்டைத் தலைவன் அவனைப் பிடித்து அடைத்தபோது, அவன் பெண்சாதி ரோசிக்குக் குற்றம் என்னவென்றே விளங்கவில்லை. மிச்சக் கறியை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். கறி கறியாகத்தான் இருந்தது.

தண்டனை மட்டும் நன்றாக விளங்கியது. புரட்டாசிக் கடைசியில் கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்குப் போகும் கப்பலில் தானியேலை ஏற்றிவிடுவார்கள். அதில் போனவன் எவனும் இதுவரை திரும்பவில்லை.

ரோசி, கோட்டைத் தலைவனுக்கு மொழிபெயர்க்கும் துபாஷி தருமலிங்கத்தின் காலில் விழுந்தாள். வாடை வராத தீனி தன் புருஷனுக்குத் தெரியும், நாற்பது நாள் கொடுத்தால் அவன் சொற்படி வளர்த்துக் காட்டுகிறேன் என்று கூசாமல் புளுகினாள். தனக்கே தெரியும் என்றால் எந்தத் துரை நம்பப்போகிறான்? கறி வாடையில்லாமல் இருந்தால் தானியேலை விட்டுவிடத் தலைவன் சம்மதித்தான்.

உண்மையில் அவளுக்கும் ஒன்றும் தெரியாது. எளாவூரிலிருந்து தவிட்டு வண்டி ஓட்டிவரும் வேணுவைக் கேட்டாள். அவர்கள் பக்கத்துப் பன்றிக்கு மீன் ஏது, தவிடும் விழுந்த பனம்பழமும்தான் என்றான். அதையே போட்டாள். இறால் தலைக்குப் பழகிய பன்றிகள் நான்கு நாள் தொட்டியைச் சீந்தவில்லை. ரோசிக்கும் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் ஊறவைத்த கொள்ளைக் கலந்ததும் வாய் வைத்தன. முப்பதாம் நாள் சின்னதை அறுத்துக் கொழுப்பை உருக்கி வேணுவின் மூக்கருகே நீட்டினாள். தன் மூக்கை நம்பி என்ன பயன்? வேணு இழுத்து முகர்ந்து, மீன் வாடை துளியும் இல்லை என்றான். ரோசி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

தீனியைப் பற்றித் துரை கேட்டால் தானியேல் முழிக்கக் கூடாதே என்று ஞாயிறுதோறும் சிறைக் கம்பிக்கு வெளியே நின்று பாடம் சொல்லிக் கொடுத்தாள். அவனுக்குத்தான் சுட்டுப்போட்டாலும் மனப்பாடம் வராது. ஒரு தரம் கொள்ளை விட்டான், மறுதரம் இறால் தலையைச் சேர்த்தான். அவளும் விடவில்லை.

நாற்பதாம் நாள் தலைவன் இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றான். பிறகு துபாஷியிடம் ஏதோ சொன்னான். தருமலிங்கம் ரோசியைப் பார்க்காமலே பேசினார்.

"கறி ரொம்ப நல்லாருக்குதாம். கப்பல்லயும் பன்னி வளக்குறாங்களாம், அதுக்கு உன் புருஷனே வேணும்னு சொல்றாரு."

ரோசி துபாஷியின் முன்னால் போய் நின்றாள். "அவருக்கு ஒண்ணும் தெரியாது சாமி. எல்லாம் நான் போட்டதுதான்னு சொல்லு."

புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று தலைவன் சிரித்தான். அவனையே கேட்டுவிடலாம், தீனி தெரிந்தால் கப்பல், தெரியாவிட்டால் வீடு என்றான். அதுவரை அவள் வாயைத் திறக்கக் கூடாதாம்.

தானியேலைக் கூட்டி வந்தார்கள். காலித் தட்டைப் பார்த்ததுமே அவன் முகம் மலர்ந்துவிட்டது. தீனி என்ன என்று துபாஷி கேட்டார். தப்பாகச் சொல்ல வேண்டுமே என்று ரோசி மாதாவை வேண்டிக்கொண்டு, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள். தைரியம் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான் அவன்.

"தவிடு ரெண்டு பங்கு, பனம்பழம் ஒரு பங்கு, ஊறவெச்ச கொள்ளு ஒரு பிடி. மீன் கூடவே கூடாது."

ஒரு சொல்கூடத் தவறவில்லை. சொல்லி முடித்துவிட்டு, சரிதானே என்பதுபோல ரோசியைப் பார்த்தான்.