நாலு முழம் சீமைச் சாமந்தி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1996 டிசம்பரில், மைசூர் விஜயநகரில், என் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் யாரோ ஒருவர் நாலு முழத்துக்குச் சீமைச் சாமந்தியைக் களை என்று பிடுங்கி எறிந்துவிட்டார். யாரோவுக்கு ஒரு பெயர் வைத்தால் கதை ஆயிற்று. கனகா என்று வைத்தேன். ராமாபுரத்துக்காரி, காட்டுவேலை செய்து வளர்ந்தவள்; வீட்டுவேலைக்குச் சேர்ந்து இரண்டாம் நாள்.

‘பனி விலகாத அந்தக் காலையில் கனகா’ (பனியை யார் கேட்டார்கள்? அடித்துவிட்டேன்.)

‘தோட்டம் என்பது மனித மனத்தின்’ (ஐயோ, போதும்.)

2

செடியைச் சொல்லாமல் கதை நகராது. தரையோடு படரும். மிதித்தால் ஆப்பிள் வாசனை எழும்பும். பூவை உலர்த்தி வெந்நீரில் போட்டால் தேநீர். வீட்டுக்காரி கமலம்மாள், தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பின்வாசலிலிருந்து தோட்டக் கோடியில் இருக்கும் கல்பெஞ்சுவரை அதை ஒற்றையடிப் பாதையாக வளர்த்திருந்தார். அவருக்குக் கண் தெரியாது. வாசனை வந்தால் பாதையில் இருக்கிறார், நின்றால் விலகிவிட்டார். தினமும் நாலு மணிக்குக் கையில் தேநீரோடு, யார் துணையும் இல்லாமல், பெஞ்சுக்குப் போய் உட்காருவார். நாள் முழுக்க அவர் தனியாக நடப்பது அந்த முப்பதடிதான்.

இதைக் கனகாவுக்கு யாரும் சொல்லவில்லை.

3

கனகாமேல் எனக்கே ஒரு சந்தேகம். ராமாபுரத்துக்காரிக்குக் களை தெரியாதா? தெரிந்ததுதான் வினை. இலையைப் பார்த்தாள், கொத்துமல்லிபோல் பிரிந்து பிரிந்து, அசல் பார்த்தீனியம். அந்தச் சனியன் பட்டுத்தான் அவள் புருஷன் கையெல்லாம் கொப்புளம். எங்கே கண்டாலும் பிடுங்குவது அவள் வழக்கம்.

(வாசனையிலாவது தெரிந்திருக்காதா? அவளுக்கு ஜலதோஷம். கதாசிரியருக்கு வேண்டிய நேரத்தில் வரும் ஜலதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பாதையின் நடுவில் நாலு முழம் பிடுங்கி, ஓரத்துக் குப்பைக்குழிக்குள் போட்டாள். வேலை சுத்தம் என்று அவளுக்கே ஒரு திருப்தி.

4

நாலு மணிக்குக் கமலம்மாள் தேநீரோடு இறங்கினார். பாதி தூரம் நன்றாகத்தான் வந்தார். பிறகு வாசனை நின்றது. அவரும் நின்றார். மூக்கைத் திருப்பினார். குழிப் பக்கமிருந்து வாசனை பலமாக வந்தது. அங்கே காலை வைத்தார்.

“அம்மா, நில்லுங்க. அந்தப் பக்கம் குழியிருக்குதுங்க.” கனகா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“பாதை எங்கே?”

இதற்கு மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். (அ) ஆடு தின்றுவிட்டது. (ஆ) ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைப்பது. (இ) உண்மை. எனக்கு (ஆ)தான் பிடித்திருந்தது. பார்க்க அன்பாக இருக்கும்.

“கையை விடு. சும்மா ஒருத்தர் கையைப் பிடிச்சு நடக்கிறதுக்கா இதை நான் ஒரு வருஷமா வளர்த்தேன்?” என்றார் கமலம்மாள்.

கனகா கையை விட்டாள். பிடுங்கியது களையல்ல, பாதை என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

“நாந்தானுங்க புடுங்கிப்போட்டேன். பார்த்தீனியம்னு நெனச்சுட்டேனுங்க.”

கமலம்மாள் குனிந்து வெறும் மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

“வேர் இருக்கா?”

“களைன்னா வேரோடதானுங்க புடுங்கோணும்.”

“அப்போ நடு. நான் இங்கேயே நிக்கறேன்.”

5

இனி மறைத்துப் பயனில்லை. கனகா என்று ஒருத்தி இல்லை. அந்தச் செடியைப் பிடுங்கியது நான். பக்கத்து வீட்டுக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று. கேட்டபோது (அ)வைச் சொன்னேன்: ஆடு. கமலம்மாள் நம்பினார். அதற்குப் பிறகு அவர் தனியாக நடந்து நான் பார்க்கவில்லை. பழியைப் போட ஒருத்தி வேண்டுமென்று கனகாவை உண்டாக்கினேன். அவளோ என்னை ஒரு வார்த்தை கேட்காமல் (இ)க்குப் போய்விட்டாள்.

குழியிலிருந்து அள்ளிவந்து மூன்றரை முழம் நட்டுவிட்டாள். கடைசிக் கைப்பிடிச் செடியை நடாமல் பாதையோரம் வைத்திருக்கிறாள். யாருக்கென்று எனக்குத் தெரியும். ஆனால் நான் நட்டால் தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் பூத்துவிட்டதாக எழுதிவிடுவேன். என்னை நம்பாதீர்கள்.

அரை முழம்தான் பாக்கி. நீங்கள் நடுங்கள். கமலம்மாள் இன்னும் நிற்கிறார். நட்டு முடித்ததும், கையைப் பிடிக்காமல், “நடக்கலாம்மா” என்று மட்டும் சொல்லுங்கள்.