முப்பத்தெட்டு நாள் பழங்கறி

அந்தச் சட்டிக்காக மூன்று பேர் மேல் கை வைத்திருக்கிறேன். மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை.

சட்டியில் இருந்தது பழங்கறி. என் மனைவி லிபியா குமரி மாவட்டத்துக்காரி. அவர்கள் பக்கம் மிஞ்சிய சாம்பார், அவியல், துவரன் என்கிற தேங்காய்ப் பொரியல் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டிச் சுண்டக் காய்ச்சுவார்கள். மறுநாள் மிஞ்சுவதும் அதிலேயே விழும். எனக்கு ஊத்தங்கரை. எங்கள் வீட்டில் மிஞ்சியதெல்லாம் மாட்டுக் கழனித்தொட்டிக்குப் போகும். கல்யாணமான புதிதில் பழங்கறியைப் பார்த்து முகம் சுளித்தேன்.

"உங்க ஊரு மாடு குடுத்து வச்சது" என்றாள்.

பிறகு எனக்குப் பிடித்துப்போனது. ஓசூர் மூக்கண்டப்பள்ளி வீட்டில் எதையும் அவள் எறிந்ததில்லை. புளித்த மாவு பணியாரம் ஆகும். வாழைக்காய்த் தோல் துவரன் ஆகும். உழவர் சந்தைக்குக் கடை கட்டும் நேரத்தில்தான் போவாள். அடிபட்ட தக்காளி, பழுத்த கீரை, யாரும் எடுக்காத கத்திரிக்காய். எல்லாம் கடைசியில் சட்டிக்குள். ஒருநாள் நான் சட்டியை வழித்துத் தின்னப் போனபோது கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒரு கரண்டியாவது அடியில வேணும். இந்தச் சட்டி என்னைக்குக் காலியாவுதோ அன்னைக்கு நான் ஊருக்குப் பஸ் ஏறிருவேன் கேட்டியளா."

அதன் பிறகு எப்போதும் ஒரு கரண்டி விட்டேன்.

அவள் இறந்தது ஒரு வியாழக்கிழமை. சந்தையிலிருந்து ஸ்கூட்டியில் திரும்பும்போது சர்வீஸ் ரோட்டில் இரும்புச் சுருள் ஏற்றிய லாரி இடித்தது. பின்சக்கரம் ஏறியது. அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். துணியை விலக்கினார்கள். இடது புருவத்துக்கு மேல் ஒரு பழைய வெட்டுத் தழும்பு உண்டு அவளுக்கு. எப்படி என்று கேட்டால் விழுந்தேன் என்பாள். முகத்தில் மிச்சமிருந்தது அந்த இடம்தான். இவள்தான் என்றேன்.

ஸ்கூட்டி இரண்டாக மடிந்திருந்தது. துணிப்பை மட்டும் கிழியவில்லை. காவலர் அதை என் கையில் கொடுத்தார். உள்ளே நசுங்கிய தக்காளி, இரண்டு கத்திரிக்காய், ஒரு கட்டுக் கீரை. பை முழுக்கச் சிவப்பு. முகர்ந்து பார்த்தேன். தக்காளிதான்.

வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் சட்டி இருந்தது. காலையில் அவள் வைத்த உள்ளித் தீயல், வறுத்த தேங்காய் அரைத்துவிட்ட புளிக்கறி, அதில் மிஞ்சியிருந்தது. பையில் இருந்ததைக் கழுவி நறுக்கிச் சட்டியில் போட்டேன். கொதிக்கவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் அடக்கம். ஊருக்குக் கொண்டுபோகும் நிலையில் உடல் இல்லை. ஓசூரிலேயே கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். அதற்கு மறுநாள் காலை வீட்டு உரிமையாளர் ராஜாத்தி அம்மா வந்தார். சாவுக்கு முன் சமைத்தது வீட்டில் இருக்கக்கூடாது என்று சட்டியைத் தூக்கினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். விடச் சொன்னேன். சட்டியைக் கீழே வைத்தார். ஆனாலும் நான் பிடியை விடவில்லை. கண்ணாடி வளையல் நாலு உடைந்து சதைக்குள் இறங்கியது. அவர் தெலுங்கில் அழுதார். தரையில் சொட்டிய ரத்தத்தை நான்தான் துடைத்தேன்.

வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கட்டுப் போட்ட கையோடு கிண்ணத்தில் சாம்பார் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதையும் சட்டியில் ஊற்றினேன்.

இரண்டாவது பிரேம்குமார். கம்பெனியில் என்னோடு குவாலிட்டி பிரிவில் வேலை பார்ப்பவன். துக்கம் கேட்க வந்தவன் தண்ணீருக்காக ஃபிரிட்ஜைத் திறந்தான். சட்டியைப் பார்த்துவிட்டு, செத்த எலி மாதிரி நாறுது, கொட்டிடவா என்றான். அவன் விரல்கள் கதவு இடுக்கில் இருந்தன. கதவைச் சாத்தினேன். திறந்தேன். மறுபடி சாத்தினேன். இரண்டு நகம் போனது. கம்பெனியில் மெஷினில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லிவிட்டான். அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை.

நாறுது என்று அவன் சொன்னது பொய். நாறவில்லை. காலையும் மாலையும் கொதிக்கவிட்டேன். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தேன். அவள் வாங்கிவைத்துப் போன காய்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். அரைப் பூசணி, முற்றிய பீன்ஸ், முளைவிட்ட உருளைக்கிழங்கில் முளையைக் கிள்ளிவிட்டு மீதி. இரண்டு வாரத்தில் அவை தீர்ந்தன. பிறகு நானே வாங்கினேன். புதுக் காயைப் போட மனம் வரவில்லை. வாங்கி வந்து மூன்று நாள் வாடவிட்டுப் போட்டேன். புளியும் உப்பும் கைக்கணக்கு. ஒரு சொட்டுகூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை. கேன்டீனில் சாப்பிட்டேன். சட்டியில் குறையவே கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பத்தாம் நாள் லிபியாவின் தம்பி வெஸ்லின் வந்தான். என்னைத் தனியாக விடக்கூடாது என்று மாமியார் லூர்தம்மாள் அனுப்பியிருந்தார். அவனுக்கு என்மேல் கோபம். அக்காவை மொழி தெரியாத ஊர் மண்ணில் புதைத்துவிட்டேன் என்று முதல் நாளே சொன்னான். பிறகு ஒரு மோல்டிங் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பிடித்துக்கொண்டு என்னோடு தங்கினான். ஒரே அறையில் இரண்டு பாய். பேச்சு குறைவு. சட்டியைப் பற்றி ஒருமுறை கேட்டான். தொடாதே என்றேன். யாருடைய கறி என்று நான் சொல்லவில்லை. அவன் தொடவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் சர்ச்சுக்குப் போயிருந்தான். நான் சட்டியைக் கொதிக்கவைத்து ஆற விட்டேன். புளி தீர்ந்திருந்தது. வாங்கப் போனேன். வழியில் வண்டி பஞ்சர். திரும்பி வர ஒரு மணி ஆகிவிட்டது.

வெஸ்லின் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. மடியில் சட்டி. அதற்குள் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்றுகொண்டிருந்தான். கண்ணில் நீர் வழிந்தது. அவன் துடைக்கவில்லை. தின்றுகொண்டே இருந்தான்.

சோறு விழுந்த கறியை மறுபடி காய்ச்ச முடியாது. முடிந்தது.

அடுப்பு மேடையில் இரும்புக் கரண்டி கிடந்தது. எடுத்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது அவன் நிமிர்ந்தபோது புருவத்தில். தோல் பிளந்து ரத்தம் ஒரு கோடாக இறங்கியது. அவன் சட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தான். அது உடையக்கூடாது என்பதைத்தான் முதலில் பார்த்தான். பிறகு என் காலைப் பிடித்து இழுத்தான். என் பின்மண்டை சிலிண்டரில் மோதியது. மேலே ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினான். கறிக் கை. கண்ணெல்லாம் எரிந்தது. நான் அவன் கட்டைவிரலைக் கடித்தேன். எலும்பு பல்லில் தட்டுப்பட்டது. அவன் கத்தவில்லை. நானும் கத்தவில்லை. பாத்திரங்கள்தான் விழுந்தன.

அவனைப் புரட்டிக் கீழே தள்ளினேன். இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தேன். அவன் முகம் கறுத்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. துணியை விலக்கி அவளைக் காட்டியபோதும் எதுவும் தோன்றவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் முடிந்திருக்கும் என்று மட்டும் தெரிந்தது. அவன் கையை உயர்த்தினான். அடிப்பதற்கு இல்லை. சட்டியைக் காட்டினான்.

எட்டிப் பார்த்தேன். சட்டியில் பாதி இருந்தது. நடுவில் விரலால் கோடு கிழித்தது போல ஒரு பக்கம் வழித்துத் தின்றிருந்தான். மறுபக்கம் பிசைந்த சோறு தொடாமல் இருந்தது.

கையை எடுத்தேன். அவன் நெடுநேரம் இருமினான்.

"அக்கா வச்ச தீயலாக்கும் இது" என்றான். "மொத வாயிலயே தெரிஞ்சுது. ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

 சட்டி காலியானால் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன் என்று அவள் சொன்னதை மட்டும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவன் புருவத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். சிரிப்பு வந்தது அவனுக்கு. உதடு கிழிந்திருந்ததால் பாதியில் நிறுத்தினான்.

"அத்தான், அவ உம்ம ஏமாத்தியிருக்கா. எங்க வீட்டுல பழங்கறி மூணு நாளு தாண்டுனதே இல்ல. கடைசி நாளு சட்டியில சோறு போட்டுப் பெரட்டித் திங்கதுக்கு நானும் அவளும் அடிபுடி. எனக்கு எட்டு வயசு, இதே மாதிரி கரண்டியால போட்டேன் அவ நெத்தியில. அம்மைக்கிட்ட விழுந்தேன்னு சொல்லிட்டா. சாவுற வரைக்கும் அப்படித்தான் சொன்னா. பொறவு நான் எப்பவும் பாதி வச்சிருவேன்."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். காதுக்குப் பின்னால் ஈரமாக இருந்தது.

"உம்ம ஒரு கரண்டி மிச்சம் வைக்கச் சொன்னது, அடுத்த நாளு அவ வழிச்சுத் திங்கதுக்காக்கும்" என்றான். சட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினான். "கொட்டதுக்கா வச்சா? தின்னும்."

சட்டி விளிம்பில் அவன் ரத்தம் இரண்டு சொட்டு விழுந்திருந்தது. ஒன்று சோற்றின் மேலும். நான் ஒதுக்கவில்லை. ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன்.

முழுக்க உப்பு. முப்பத்தெட்டு நாளும் பார்க்காமல் போட்ட உப்பு. தொண்டை காந்தியது. அதற்கு அடியில், வெகு அடியில், வறுத்த தேங்காயும் கொத்தமல்லியும். அவள் சேலையில் இருக்கும் வாசனை. விழுங்கினேன். அடுத்ததை எடுத்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அடியில் ஒட்டியதை நகத்தால் சுரண்டித் தின்றேன். கருகிய பற்றைக்கூட விடவில்லை. சட்டியில் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்தேன். அதன் பிறகும் வாந்தி வரவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வாசலில் ராஜாத்தி அம்மா நின்றிருந்தார். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. பழைய துண்டு ஒன்றை நீட்டிவிட்டு, கட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்க ரெண்டு பேரும் என்றார்.

ஓசூர் அரசு ஆஸ்பத்திரிக்கு வெஸ்லினைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப்போனேன். சர்வீஸ் ரோட்டில் போக வேண்டியிருந்தது. அந்த இடம் வந்தபோது அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். கடிபட்ட கை. அழுத்திப் பிடித்ததில் அவனுக்குத்தான் வலித்திருக்கும்.

நர்ஸ் துண்டை அவிழ்த்து, பஞ்சால் துடைத்துப் பார்த்தார். இடது புருவம். ஆழமாகப் பட்டிருக்கு, தையல் போடணும், எப்படி ஆச்சு என்று கேட்டார். அவன் கழுத்தில் இருந்த விரல் தடத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விழுந்துட்டேன்" என்றான் வெஸ்லின்.