எட்டாவது பெயர்

பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்து ஒன்பதாம் நாள், ரய்னாவின் வீட்டு வாசலில் ஒரு மலர்வளையமும் ஆறுதல் சொல்லும் டாக்டரம்மாவும் வந்து இறங்கினார்கள். அவள் கேட்டிருந்தது ஓர் அடுப்பு.

நிலையத்துக்கு எதிரே முப்பது வருஷமாகப் பனிட்சா சுட்டு விற்றவள் ரய்னா. பாலாடைக்கட்டி வைத்து மடித்த அந்தப் பண்டம் கையில் இல்லாமல் காலை வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள். வெடி அவள் அடுப்பைத் தின்றுவிட்டது. அடுப்பில்லாவிட்டால் பிழைப்பில்லை. நிவாரண மனுவில் கொட்டை எழுத்தில் அதை மட்டும்தான் எழுதியிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் மறைவுக்கு அரசாங்கம் தலைவணங்குதும்மா," என்றார் டாக்டரம்மா.

"மெதோதி போய் எட்டு வருஷம் ஆச்சே! பரவாயில்ல, நம்ம அரசாங்கத்துக்கு இது சீக்கிரம்தான்."

தப்பு எங்கே என்று கதவைப் பார்த்ததும் புரிந்தது. செத்தவர் படம் போட்ட அஞ்சலித் தாளை வாசல் கதவில் ஒட்டுவதும், வருஷா வருஷம் புதுத்தாள் ஒட்டுவதும் பல்கேரியா முழுக்க வழக்கம். மெதோதியின் எட்டாம் வருஷத் தாளில், வருஷம் எழுதியிருந்த கீழ்ப்பாதியை, அடுத்த தெருவான இங்கே வரை வீசிய வெடி கிழித்துக்கொண்டு போயிருந்தது. படம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுப் பென்காவையும் இழுத்துக்கொண்டு நிவாரண அலுவலகத்துக்குப் போனாள். தலைநகர் சோபியாவிலிருந்து வந்திருந்த அதிகாரி லச்செசார் தலையைச் சொறிந்தார்.

"உடல் எட்டும்மா, பேர் ஏழுதான் கிடைச்சுது. உங்க கதவுல ஒண்ணு இருந்துச்சு, எழுதிக்கிட்டேன். இப்ப என்ன கெட்டுப்போச்சு? அவர் குண்டுலதான் செத்தார்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. இறந்தவங்க குடும்பத்துக்குத்தான் முதல் வரிசை. அடுத்த வாரமே அடுப்பு."

"போடுடி," என்று பென்கா இடித்தாள். "மெதோதி என்ன, எந்திரிச்சு வந்து இல்லைங்கப் போறாரா?"

ரய்னா பேனாவை எடுத்தாள். அடுப்பின் சூடு உள்ளங்கையிலேயே வந்துவிட்டது போலிருந்தது. வைத்துவிட்டுக் கேட்டாள்:

"தம்பி, அந்த எட்டாவது ஆளு எப்படி இருந்தாரு?"

"முகம் தெரியலம்மா. காலுல ரப்பர் பூட்ஸ். ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பச்சை."

பச்சை, மெதோதியுடையது. அவள்தான் கொடுத்தாள், நிலையம் கூட்டுகிற மனூஷுக்கு. அவனுக்குக் கதவும் இல்லை, தாள் ஒட்ட ஆளும் இல்லை. ஒன்பது நாளாக அவனைக் காணோம் என்று அவளுக்கே உறைக்கவில்லை.

"அது மனூஷ். அவன் பேரை எழுதிக்கோ."

"எட்டுன்னு அமைச்சர் டிவியில சொல்லிட்டார். எண்ணிக்கையை மாத்த முடியாதும்மா!"

"எண்ணிக்கையை யாருப்பா மாத்தச் சொன்னா? பேரை மாத்து."

"அடுப்பைத் தூக்கிக் குடுத்துட்டியே, மகராசி," என்று பென்கா முணுமுணுத்தாள்.

லச்செசார் புதுப் படிவம் எடுத்தார். "வாரிசு?"

"இல்ல."

"குடியிருந்த இடம்?"

"என் அடுப்புக்குப் பின்னால, சுவரோரம். பதினோரு குளிர்காலம் அந்தச் சூட்டுலதான் படுத்தான்."

"இடம் சேதமா?"

"சுவரும் போச்சு, சூடு குடுத்த அடுப்பும் போச்சு."

அதிகாரியின் பேனா நின்றது. விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இறந்தவர் குடியிருந்த இடம் முன்பிருந்தபடியே கட்டித் தரப்படும் என்று இருந்தது. வாரிசு வேண்டும் என்று எங்கும் இல்லை. இரண்டு முறை படித்துவிட்டு, அவள் முகத்தைப் பாராமல் முத்திரை குத்தினார்.

உயிரோடிருக்கும் ரய்னாவுக்குக் கிடைக்காத அடுப்பு, செத்துப்போன மனூஷுக்குக் கிடைத்தது. செத்தவர்களுக்கு நினைவு கும்பிடும் நாற்பதாம் நாளுக்கு முந்தின வாரம் வந்து இறங்கியது. பின்னாலேயே இன்னொரு மலர்வளையமும், அதே டாக்டரம்மாவும். முதல் பனிட்சாவை ரய்னா டாக்டரம்மாவுக்குத்தான் கொடுத்தாள்.

நாற்பதாம் நாள், மனூஷின் தாளைத் தன் கதவிலேயே ஒட்டினாள். பக்கத்தில் மெதோதிக்கும் புதுத்தாள். அதன் அடியில் கையாலேயே எழுதினாள்: "இவர் மாரடைப்பில் போனவர். அதிகாரிகள் கவனிக்கவும்."