டாக்டரம்மா ஓட்டின வண்டி

பழைய கார்க் கடையின் விற்பனைக்காரர் வண்டிச் சாவியை அவளுடைய கணவனின் கையில் வைத்தார். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியை வாங்குவதுபோல அவன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். பேக்கரியில் வேலை பார்ப்பவன். யார் எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் வாங்குவான். அவனிடம் லைசன்ஸ் கிடையாது. மூன்று முறை தேர்வுக்குப் போனான். மூன்று முறையும், பின்னால் எடுக்கச் சொன்னபோது முன்னால் எடுத்தான். வீட்டில் லைசன்ஸ் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

"சார், ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. வண்டி பேசும் பாருங்க" என்றார் விற்பனைக்காரர். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி விட்டிருந்தார்.

"ஓட்டப்போறது நான்" என்றாள் அவள்.

"அதுக்கென்ன மேடம், தாராளமா. லீவு நாள்ல நீங்களும் ஒரு கை பாக்கலாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. கூட வந்திருந்தவர் அவளுடைய நாத்தனாரின் கணவர். கார் விஷயத்தில் கரை கண்டவர் என்று குடும்பம் முழுக்கப் பெயர் வாங்கியவர். அவர் இல்லாமல் இந்தக் குடும்பத்தில் யாரும் டயர்கூட மாற்றியதில்லை. அவருக்கு முன்னால் எடுத்த எடுப்பில் சண்டை போட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிறகு தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

விஷயம் இதுதான். அவள் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுபவள். பட்டறையில் எல்லாரும் அவளை 'மாஸ்டர்' என்பார்கள். அந்தப் பட்டறை ஊருக்கு வெளியே இடம் மாறிவிட்டது. போய்ச் சேர இரண்டு பஸ் மாற வேண்டும். கணவன் விடியும் முன்பே பேக்கரிக்குப் போய்விடுவான். ஏழு வயதுப் பெண்ணையும் நாலு வயதுப் பையனையும் பள்ளியில் விடுவது அவள்தான். இத்தனை நாள் ஸ்கூட்டரில் ஓடியது. இப்போது வயிற்றில் மூன்றாவது, ஆறு மாதம். போன மாதம் மழையில் ஒரு திருப்பத்தில் ஸ்கூட்டர் சறுக்கி, மூன்று பேரும் சேற்றில் உட்கார்ந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே டாக்டர், "இனிமே அதுல ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டார். நாலு வருடமாகச் சேர்த்தது ஒரே ஒரு வண்டிக்குத்தான் காணும். அது சின்னதாக, பெட்ரோலைக் குறைவாகக் குடிப்பதாக, பின்சீட்டில் மூன்று பிள்ளைகள் கொள்வதாக இருக்க வேண்டும். தப்பான வண்டி வந்துவிட்டால் இன்னொன்று வாங்க வழி இல்லை.

அதனால் அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இருபத்திரண்டு கேள்விகள். அவளுக்கு எதிலும் உடனே உறுதி வராது. 'டயர் தேய்ந்திருக்கிறதா பார்க்க வேண்டும்' என்று எழுதினாலும் பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போடுவாள். அளவும் எடுத்திருந்தாள். முந்தின நாள் பெரியவளையும் சின்னவனையும் சோபாவில் ஒட்டி உட்காரவைத்து, இஞ்ச் டேப்பால் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புவரை அளந்தாள். வரப்போகும் குழந்தையின் இருக்கைக்குப் பதினெட்டு அங்குலம் விட்டு, மொத்தம் நாற்பத்தெட்டு என்று குறித்தாள்.

"அம்மா, காருக்குச் சட்டை தைக்கப்போறியா?" என்று பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நோட்டெல்லாம் எதுக்கும்மா? வண்டிங்கிறது பாத்தவுடனே தெரியணும்" என்றார் நாத்தனாரின் கணவர். கடையில் நின்ற வெள்ளை வண்டியின் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார். இரண்டு தடவை தலையாட்டினார். அவர் என்ன பார்த்தார் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. "மாப்ளே, அள்ளிப் போட்டுக்க. இது தங்கம்."

"சாதாரணத் தங்கம் இல்ல சார்" என்றார் விற்பனைக்காரர். "ஒரே ஓனர். லேடி டாக்டர் ஓட்டின வண்டி. வீடு, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி, வீடு. நாப்பதைத் தாண்டினதே இல்ல. பொம்பளைங்க ஓட்டின வண்டின்னா பூ மாதிரி வெச்சிருப்பாங்க சார்."

"கேட்டியா மாப்ளே? இதுக்கு மேல என்ன வேணும்!"

கணவன் அவளைப் பார்த்தான். சாவியை நீட்டினான். "மாஸ்டர், ஓட்டிப் பாரு."

விற்பனைக்காரரின் முகம் சற்றே கோணியது. "சார், மேடம் இருக்கிற நிலைமையில…"

"கர்ப்பமா இருக்கறது நான். கிளட்ச் இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

அவள் குள்ளம். இருக்கையை முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. அடியில் இருந்த கம்பியைத் தூக்கினாள். இருக்கை வெண்ணெயில் வழுக்குவதுபோல ஒரே இழுப்பில் முன்னால் வந்து நின்றது. குனிந்து பார்த்தாள். தண்டவாளம்போல இருந்த அந்த இரண்டு இரும்புப் பட்டைகளும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேய்ந்து பளபளத்தன. அப்போது அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டில் மட்டும் 'இருக்கை?' என்று எழுதினாள்.

முன்னால் கணவன், பின்னால் நாத்தனாரின் கணவர், அவருக்குப் பக்கத்தில் விற்பனைக்காரர். கிளட்சை மெல்ல விட்டாள். விட்டாள். இன்னும் விட்டாள். கால் கிட்டத்தட்ட முழுக்க மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. முதல் வேகத்தடையில் உதறி நின்றது. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

"புதுசா ஓட்டறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் நாத்தனாரின் கணவர். "பழகிட்டா சரியாயிடும்மா."

"வண்டி ரொம்ப சென்சிட்டிவ் சார். டாக்டரம்மா கை பட்டது இல்லையா" என்றார் விற்பனைக்காரர்.

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. என் கால்தான் சரியில்லையோ? லைசன்ஸ் வாங்கி நாலு மாதம்தானே ஆகிறது? சாயங்கால வகுப்பில் கற்றுக்கொண்டது மறந்துபோயிற்றோ? நோட்டில் 'கிளட்ச்?' என்று எழுதி, அதன் பக்கத்தில், 'அல்லது நான்?' என்றும் எழுதினாள்.

திரும்பி வந்ததும் பின்சீட்டை அளந்தாள். நாற்பத்தொன்பது அங்குலம். அவள் போட்ட கணக்குக்கு ஓர் அங்குலம் அதிகம். அதில் குறை இல்லை. விற்பனைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு நாத்தனாரின் கணவரிடம், "சார், ஜாக்கெட் அளவு எடுக்கறாங்க போல" என்று முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. நாத்தனாரின் கணவர் அதற்கும் சிரித்தார்.

அதன்பின் டேப்பைச் சுருட்டியபடி முன்பக்கம் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்தாள். கால் வைக்கும் இடத்தில் விரித்திருந்த சாம்பல் நிறக் கம்பளத்தின் மேல் அவள் பார்வை போயிற்று. போனது அங்கேயே நின்றது.

பதினோரு வருடமாகத் துணி வெட்டுபவள் அவள். ரோமம் உள்ள துணியில் ரோமம் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்க்காமல் கத்தரி வைக்க மாட்டாள். அந்தக் கம்பளத்தின் ரோமம் முழுக்கக் கதவுப் பக்கமாகப் படுத்திருந்தது. நடுவில் ஒரு சாண் அளவு மட்டும் எதிர்ப்பக்கமாகப் படுத்திருந்தது. நிறம் ஒன்றுதான், துணி ஒன்றுதான். ஆனால் யாரோ அவசரத்தில் திருப்பி ஒட்டிவிட்டார்கள்.

நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். பசை விட்டது. அடியில் இரும்புத் தகட்டில் நாலு துளைகள் இருந்தன. ரப்பர் அடைப்பான் வைத்து அடைத்திருந்தார்கள். சுற்றிலும் பெயின்ட் உரிந்து, போல்ட்டின் தலை அழுத்திய வட்டம் தெரிந்தது. தையலைப் பிரித்த துணியில் ஊசித் துளை நிற்பதுபோல நின்றது.

துளைக்கும் துளைக்கும் நடுவே அளந்தாள். அப்புறம் அந்தப் பக்கம் போய் பிரேக், கிளட்ச் இரண்டுக்கும் நடுவே அளந்தாள். இரண்டும் ஒரே அளவு. ஒரு தடவை தப்பாகலாம் என்று மறுபடியும் அளந்தாள். மாறவில்லை.

சாயங்கால வகுப்பு அவள் கண் முன்னால் வந்தது. பக்கத்தில் உட்காரும் வாத்தியாரின் காலடியிலும் இரண்டு பெடல் இருக்கும். அவள் திணறும்போதெல்லாம் அவர் அங்கே மிதிப்பார். அவள் காலுக்குக் கீழே இருக்கும் பெடல் பேய் மிதித்ததுபோலத் தானாகக் கீழே போகும். இருக்கையும் அப்படித்தான். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் இழுப்பு. நெட்டைக்கு ஒரு தடவை பின்னால், குட்டைக்கு ஒரு தடவை முன்னால். பட்டை தேயாமல் என்ன செய்யும்?

நிமிர்ந்தபோது அவளுடைய காது மடல் சூடாக இருந்தது.

"இது டிரைவிங் ஸ்கூல் வண்டி."

"சேச்சே, என்ன மேடம்…"

"இங்க ரெண்டாவது பெடல் இருந்திருக்கு. கழட்டிட்டு ஒட்டுப்போட்டிருக்கீங்க. ஒட்டையாவது ஒழுங்காப் போட்டீங்களா? ரோமம் தலைகீழா இருக்கு."

"மேடம், நீங்க டென்ஷன் ஆகக் கூடாது. இந்த நேரத்துல குழந்தைக்கு நல்லதில்ல. உள்ள ஏசியில உக்காருங்க, ஜூஸ் சொல்றேன்." பிறகு கணவன் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க."

"அவர்கிட்ட என்ன கேக்கறீங்க? நான்தானே பேசிட்டிருக்கேன்!"

பக்கத்தில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது. நாத்தனாரின் கணவர் இரண்டு எட்டு வைத்து முன்னால் வந்தார். "என்னம்மா இது, நாலு பேர் பாக்கற இடத்துல. அவர் எனக்குத் தெரிஞ்சவர். வாங்கிக்கறோம்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"எப்ப அண்ணே குடுத்தீங்க?"

"நேத்து போன்ல."

"நேத்தா? நாங்க வண்டியைப் பாக்கறதுக்கு முன்னாடியா?" அழுகை வந்துவிடுமோ என்று பயந்தாள். வரவில்லை. "அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? வேடிக்கை பாக்கவா? இங்க கொஞ்சம் உக்காருங்க அண்ணே. உக்காருங்க. காலை அந்தத் துளை மேல வைங்க."

என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார். கால் தானாகவே துளைகளின் மேல் போய் நின்றது. கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கார் விஷயத்தில் கரை கண்டவரின் முகத்தில் கரை தெரியவில்லை.

விற்பனைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். "நான் பொய் சொல்லல சார். வண்டி டாக்டரம்மா பேருலதான் இருந்துச்சு. அவங்க வீட்டுக்காரர் ஒரு ஸ்கூல் நடத்தறார்."

"என்ன ஸ்கூல்?"

அவர் வண்டிக் கூரையில் இருந்த தூசியைக் கைக்குட்டையால் தட்டினார்.

"டாக்டரம்மா ஓட்டினாங்கன்னு சொன்னீங்களே?"

"ஓட்டினாங்கன்னா… பேரு அவங்களோடது. ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான்."

"பேரு ஓட்டுமா வண்டியை? ஆயிரம் பேர் மிதிச்சுப் பழகின கிளட்ச்சு இது. மூணு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு ஏத்தத்துல நான் போகும்போது இது நின்னுபோச்சுன்னா, உங்க பேச்சு வந்து தள்ளுமா?" அவள் மூச்சு வாங்கினாள். "பொம்பளை ஓட்டின வண்டின்னு சொன்னா விலை ஏறுது. பொம்பளை ஓட்டப்போறேன்னு சொன்னா மட்டும் உங்க காதுல விழல. வண்டி நின்னப்ப என் காலைச் சொல்லிச் சிரிச்சீங்க. நானும் என் கால்தான்னு நம்பினேன்!"

கடைசி வாக்கியம்தான் அவளை அதிகம் சுட்டது.

"சரி மேடம், விலையில கொஞ்சம் பாத்து…" என்று ஆரம்பித்தார் அவர். நாத்தனாரின் கணவர் சட்டென்று தலையைத் தூக்கினார். "குறைச்சுக் குடுக்கறார் போல மாப்ளே. கிளட்ச்சு மாத்திக்கிட்டா போச்சு."

தன் அக்காவின் கணவரான அந்த மாமாவை எதிர்த்து அவளுடைய கணவன் அதுவரை பேசியதே இல்லை. "வேணாம் மாமா" என்றான். "ஓட்டப்போறது அவ. அவ வேணாங்கறா."

சத்தம் என்று சொல்லவே முடியாது. மாவு சலிப்பதுபோல வந்த குரல். ஆனாலும் மாமா எழுந்து, யாரையும் பார்க்காமல் தெருவுக்கு நடந்தார். அன்றைக்கு அவர் தனியாக ஒரு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். அப்புறம் மூன்று வாரம் அவர்கள் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்கள். வண்டி இல்லை. நாளைக் காலையில் மறுபடி இரண்டு பஸ். கொஞ்சம் அதிகமாகக் கத்திவிட்டேனோ? நாத்தனார் என்ன சொல்வாள்? நோட்டைத் திறந்தாள். 'கிளட்ச்? அல்லது நான்?' என்று இருந்தது. 'அல்லது நான்' என்பதைப் பேனா முனை தாளில் பதிய, குறுக்கும் நெடுக்குமாக அடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் அடிச்சா அடுத்த பக்கமும் கிழிஞ்சிடும் மாஸ்டர்" என்றான் கணவன்.

"கிழியட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு இடத்துக்கு அவர்கள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். கத்தரிக்காய் நிறத்தில் ஒரு சின்ன வண்டி, பார்க்க அழகில்லை. நிறத்துக்காகவே யாரும் வாங்கவில்லையாம். அவள் முதலில் பக்கத்து இருக்கைக் கம்பளத்தைத் தடவிப் பார்த்தாள். ரோமம் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. பின்சீட் ஐம்பது அங்குலம்.

"வாங்க சார், ஓட்டிப் பாருங்க" என்று அந்த விற்பனைக்காரரும் கணவனிடம்தான் சாவியை நீட்டினார். அவளுக்குப் பழைய சூடு காதுவரை ஏறியது.

கணவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். நீட்டிய சாவி காற்றில் ஆடியது. விற்பனைக்காரர் அவனைப் பார்த்தார், அவன் வானத்தைப் பார்த்தான். சாவி போக வேறு இடம் இல்லை.

அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டு, ஏறி, இருக்கையை முன்னால் இழுத்தாள். அது அசையவே இல்லை. துரு ஏறி, பின்கோடியில் ஒரே இடத்தில் உறைந்திருந்தது.

"இதை ஓட்டினவங்க யாரு?" என்று கேட்டாள்.

"ஒரு ரிட்டயர்ட் ஆளு மேடம். ஒல்லியா, நெட்டையா."

"இது உண்மை" என்று சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் இருக்கைக் கம்பியை இழுக்கத் தொடங்கினாள்.