தாயம்மாவின் பங்கு

1

இந்தக் கதை எனக்குக் கிளினிக் வரிசையில் கிடைத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கிறது, பட்டப்பகலில் நாற்காலியிலேயே தூங்கி விழுகிறேன் என்று சொல்ல, மலேசியாவில் ரெம்பாவ் ஊர்க் கிளினிக்குக்குப் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், கேட்காமலே என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"வெள்ளையா கெடக்கு லா. அந்தக் காலத்துல ரப்பர் தோட்டத்துல இதுக்கே ஆளப் புடிச்சிட்டுப் போவாங்க."

சோகை பிடித்தவளைப் போலீஸ் பிடிக்குமா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சொல்ல ஆரம்பித்தார். பாதிக் கதையில் அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து ஊசி போடும் அறைக்குள் போனார். திரும்பி வரவில்லை. என் முறை வந்து நான் உள்ளே போனபோது அவர் அங்கே இல்லை; அந்த அறைக்கு வேறு வாசலும் இல்லை.

ஆக, இந்தக் கதையின் முடிவு என்னிடம் கிடையாது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

2

பால்மரங்களுக்கு நடுவே பனி இறங்கியிருந்த ஒரு காலையில் பால்வெட்டுக்காரி பஞ்சாலை—

(வேண்டாம். எல்லாத் தோட்டத்துக் கதையிலும் இந்தப் பனி இறங்கிவிட்டது.)

அது வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் ஆயுதக்காரர்களுக்கு ஒரு பிடி அரிசியும் போய்ச் சேரக்கூடாது என்று—

(இது பள்ளிக்கூடப் பாடம். ஆனாலும் இது தெரியாமல் மேலே போக முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. அரிசி வீட்டுக்குக் கிடையாது. பொதுச் சமையல்கட்டில் ஆக்கி ஆளுக்கு ஒரு பங்கு போடுவார்கள். கேட்டைத் தாண்டிச் சோற்றுப் பருக்கை போனாலும் குற்றம்.)

பஞ்சாலை அடுப்பு மண்ணைத் தின்றுகொண்டிருந்தாள்.

இது சரி. இங்கிருந்து போகலாம்.

3

ஏழாம் மாதத்தில் குழந்தை தவறியதிலிருந்து அவளுக்கு அந்த ஆசை. அடுப்பு ஓரத்தைச் சுரண்டி நாக்கில் வைத்தால்தான் மனசு அடங்கும். பாதி நிரை மரத்தில் பால் வெட்டுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வரும். பால்வாளி கல்லாகக் கனக்கும்.

அசதியை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கேட்டில் நின்ற சார்ஜன்ட் ஒரு கணக்கு வைத்திருந்தான். முழுப் பங்கு வாங்குகிறவள் வெளுத்துப் போனால், அந்தப் பங்கு அவள் வயிற்றுக்குப் போகவில்லை, காட்டுக்குப் போகிறது. காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போதே, ஒவ்வொருவர் கீழிமையையும் இழுத்துப் பார்ப்பான். சந்தேகம் வந்தால் தடுப்பு முகாம்; அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல். மூத்த பிள்ளைகள் இங்கே, தாய் நாகப்பட்டினத்தில்.

பக்கத்து வீட்டுத் தாயம்மாதான் அவளைக் கைத்தாங்கலாகத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஹரோல்டிடம் கூட்டிப் போனாள்.

"ரத்தம் கம்மி. ஈரல், முட்ட, நெத்திலி, முருங்கக்கீர. கீரையில எலுமிச்சம்பழம் புழி. சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிக்காத, சத்தெல்லாம் வீணாப்போயிரும்" என்றார் ஹரோல்ட்.

"ஈரலுக்கு எங்கங்கய்யா போவேன்?" என்றாள் பஞ்சாலை.

தாயம்மா சிரித்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏன் புள்ள, நான் என்ன செத்தா போய்ட்டேன்? எனக்குக் கவுச்சியே ஒத்துக்காது. என் பங்கையும் நீயே தின்னு. மண்ணத் தின்னு மண்ணாப் போவாத!"

அன்றிலிருந்து சமையல்கட்டு பெஞ்சில் இருவரும் ஒட்டி உட்கார்வார்கள். காவல்காரன் திரும்பும் நேரம் பார்த்துத் தாயம்மாவின் தட்டிலிருந்து நெத்திலி நகரும், முட்டை நகரும், பிறகு சோறும் நகரும். பங்கு மாற்றுவது குற்றம். மாற்றினவளும் குற்றவாளி, வாங்கினவளும் குற்றவாளி.

4

பஞ்சாலை தேறினாள். நகத்தில் சிவப்பு ஏறியது. நிரையை முடித்துவிட்டு நின்று பாட்டு முணுமுணுக்கும் அளவுக்குத் தேறினாள்.

லயத்து வீடுகளில் வேறு பேச்சு கிளம்பியது. பஞ்சாலை சிவக்கச் சிவக்கத் தாயம்மா வெளுக்கிறாள். செத்த பிள்ளை தாயின் உடம்பில் ஏறிக்கொண்டு சிநேகிதியின் இரத்தத்தைக் குடிக்கிறது. கர்ப்பிணி மருமகளை வைத்திருந்த செல்லம், பஞ்சாலை வந்தால் கதவைச் சாத்தினாள். பெஞ்சில் அவர்களுக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே கிடந்தது.

பஞ்சாலைக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகொரு நாள் தண்ணீர்த் தொட்டியில் இருவரும் வாளி முக்கினார்கள். தண்ணீர் அசைந்து நின்றதும் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில், போன மாதம் அவளுக்கே இருந்த வெளுத்த முகம் தெரிந்தது. சட்டென்று தாயம்மா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, வாயோரம் என்ன ஒட்டியிருக்கு?"

"ஒண்ணுமில்ல புள்ள" என்று தாயம்மா துடைத்துக்கொண்டாள். அது அடுப்பு மண்.

"இனி உன் பங்க நான் தொட மாட்டேன்."

"தின்னு."

5

(இங்கே ஒரு விஷயம். எழுதியதைத் திரும்பப் படித்தேன். பஞ்சாலையின் நகம், நாக்கு, பயம், பாட்டு எல்லாம் இருக்கின்றன. தாயம்மாவுக்கு நான் ஒரு மூக்கு கூடக் கொடுக்கவில்லை. வாய் நீளம் என்றேன். பேச்சோ பத்திக்குப் பத்தி சுருங்கி ஒரே சொல்லில் நிற்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை. "தாயம்மாவுக்குப் பெரிய கண்கள், அவளுடைய—" என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் நடுவில் பஞ்சாலையிடம் போய்விட்டது. இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் அப்படித்தான். எனக்கு இது பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து எனக்கு மூச்சு இரைப்பதில்லை.)

6

மறுநாள் பெரட்டில் சார்ஜன்ட் பஞ்சாலையின் இமையை இழுத்தான். சிவப்பு. தள்ளிவிட்டான். அடுத்தவள் இமையை இழுத்தவன், விரலை எடுக்கவே இல்லை.

"நாசி மானா பெர்கி?"

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி அதைத் தமிழில் கேட்டார். "ஒன் பங்குச் சோறு எங்க போவுதுன்னு கேக்குறாரும்மா. சொல்லிடு."



முடிவு ஒன்று: பஞ்சாலை முன்னால் வந்து, "என் வயித்துக்குத்தாங்க போச்சு" என்கிறாள். ஹரோல்ட் சாட்சி சொல்கிறார். சார்ஜன்ட் மனமிரங்குகிறான். (நானே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: அவள் சொல்கிறாள். யாரும் நம்பவில்லை. இருவரையும் லாரியில் ஏற்றுகிறார்கள். பஞ்சாலையின் பிள்ளைகள் கம்பிக்குப் பின்னால்—

(முடியவில்லை.)

முடிவு மூன்று: அவள் வாயே திறக்கவில்லை. பிள்ளைகளோடு நீண்ட நாள் வாழ்கிறாள். நல்ல இரத்தத்தோடு கிழவியாகி, எங்கோ ஒரு வரிசையில் உட்கார்ந்து, அந்நியர்களின் இமையை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள்.

இதில் எதை எழுதினாலும் அது ஒருத்தியின் தட்டிலிருந்து இன்னொருத்தியின் தட்டுக்குப் போகிறது. நான் எழுத மாட்டேன். பஞ்சாலை தேறியதை இவ்வளவு நேரம் நிம்மதியாகப் படித்தவர் நீங்கள், நீங்கள் சொல்லுங்கள்.

சார்ஜன்ட் மறுபடியும் கேட்கிறான். பஞ்சாலை உங்களைப் பார்க்கிறாள். யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருப்பவளால் இனி ரொம்ப நேரம் நிற்க முடியாது.