கலசத்தில் வைத்த பனை

மடேரென்று ஓர் ஓசை ஏரியின் நடுவிலிருந்து எழுந்தது. மார்கழி விடியலின் மூடுபனியைப் பிளந்துகொண்டு அது மேற்குக் கரையில் வந்து மோத, நாணற்புதர்களில் உறங்கிய நாரைகள் ஒருசேரச் சிறகடித்து எழுந்தன. கரையில், வெட்டிக் கிடத்திய பனைமரத்தில் ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அறைந்துகொண்டிருந்த கொளஞ்சியப்பன், அதைத் தம் அடியின் எதிரொலி என்றே முதலில் எண்ணினார். கை ஓய்ந்த பின்னரும் நீரின்மேல் ஏதோ உடைந்து முறியும் ஒலி நீடித்தது. அதன் நடுவே, “அப்பா!” என்று ஒரு பெண்குரல் ஒருமுறை எழுந்து அடங்கியது.

வீராணத்தின் கிழக்கே, சோழர் காலத்துப் படைவீரர் மண் சுமந்து எழுப்பியதாகச் சொல்லப்படும் நெடுங்கரை, மதகுக்கு மதகு வாய்க்கால்களை ஈன்றபடி பசிய வயல்களுக்குக் காவலாய்ப் படுத்திருக்கும். வானம் தெளிந்த நாளில் அதன்மேல் நின்றால் தில்லைக் கோபுரங்கள் தெரியும் என்பாரும் உண்டு. மேற்குக் கரையிலோ, வெற்றிலைக் கொடிக்கால்களும் சிற்றூர் ஒன்றும், அவ்வூரின் பழைய சிவன் கோயிலும், அதன் முன்னே நீர்விளிம்பில் நெட்டை, குட்டை என்று பெயர் பெற்ற இரண்டு பனைகளும் நின்றன. அவற்றுக்கும் நெடுங்கரைக்கும் இடையே, பெயர் மறந்துபோன பழங்கல் மண்டபம் ஒன்று முழுகிக் கிடந்தது. அதன் தூண்கள் நீர்மட்டத்துக்குச் சாண் ஆழத்தில், யாரையோ எதிர்பார்த்திருப்பவைபோல் விழித்திருந்தன.

அத்தூண்களுக்குத் தப்பி ஓடம் செலுத்துவதற்கு வழி ஒன்றே. நெட்டைப் பனையின் தலையைக் கோயில் கோபுரத்துக் கலசத்தோடு நேர்வைத்து வந்தால் ஓடம் ஆழ்நீரில் செல்லும். சற்று வடக்கே நிற்கும் குட்டையை நேர்வைத்தாலோ கல்லின்மேல் ஏறும். மூடுபனி நாளிலும் ஓடக்காரர் அஞ்சியதில்லை. குட்டை பனிக்குள் முழுகிவிட, நெட்டையின் தலை மட்டுமே மேலே மிதக்கும். ஆகவே, பனிக்குமேல் ஒற்றைப் பனந்தலை தெரிந்தால் அது நெட்டையே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கரை மரத்தில் கோடரி வைப்பவர், முதலில் ஓடக்காரனிடம் சொல்லிவிட்டே வைக்கவேண்டும் என்பது அவ்வூர் வழக்கம்.

கொளஞ்சியப்பனும் அவ்வழக்கம் அறிந்தவரே. தாயை இழந்த ஒரே மகள் தில்லையம்மாளைப் புவனகிரியில் கட்டிக்கொடுத்திருந்தார். வளைகாப்பு முடிந்து, தலைப்பேற்றுக்காக அவள் தந்தை வீட்டுக்கு வரும் நாள் நெருங்கவே, அவளுக்கென்று ஓர் அறை எழுப்பினார். சுவர் நின்றது, கூரைக்குச் சட்டம் இல்லை. முந்தைய நாள் பிற்பகல் நெட்டையைச் சாய்த்தார். கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கட்டோடு வந்த நூர்முகம்மது திடுக்கிட்டு நின்றார்.

“என்னா மச்சான், நெட்டயிலயே கைய வச்சிட்ட! உத்திராபதிகிட்ட சொன்னியா?”

“அவன் அக்கரைக்கில்ல போயிருக்கான். காலையில எம்பொண்ண ஏத்திக்கிட்டு வருவான், அப்ப சொல்லிக்கிறேன்.”

“வர்றதுக்குத்தான மச்சான் பனை வேணும்? வந்தப்புறம் சொல்லி என்னா? குட்டய வெட்டியிருக்கலாமில்ல?”

“குட்ட இன்னும் வைரம் பாயல. என் பேரப்புள்ள தலைக்கு மேல உளுத்துப்போற சட்டத்தயா போடச் சொல்ற? இருவது வருசமா ஓட்டுறவன், ஒரு மரம் இல்லன்னா வழி தெரியாமப் போயிடுவானா? போ மச்சான், போயி வெத்தலய அடுக்கு!”

நூர்முகம்மது சிரித்துவிட்டுப் போனார்.

இப்போதோ, அந்த ஒற்றைக் கூக்குரல் செவியில் விழுந்த கணத்தில், கொளஞ்சியப்பன் தம்மையறியாமல் திரும்பி மேலே பார்த்தார். அன்று மூடுபனி வழக்கத்தினும் தாழ்ந்து படிந்திருந்தது. அதற்குமேல் கோபுரக் கலசம் மின்னியது. அதனருகே, முன்னெல்லாம் நெட்டை நின்றதுபோலவே, குட்டையின் தலை தன்னந்தனியாக மிதந்தது. சம்மட்டி அவர் கையிலிருந்து நழுவியது.

ஓசை கேட்டுக் கொடிக்காலிலிருந்து ஓடிவந்த நூர்முகம்மது, அவருக்கு முன்னே நீரில் பாய்ந்திருந்தார். வெகுநேரத்துக்குப்பின் அவர் தில்லையம்மாளைச் சுமந்து வந்து கரையில் கிடத்தியபோது, வளைகாப்பில் அடுக்கிய கண்ணாடி வளையல்கள் ஒன்றுகூட உடையாமல் இரு கைகளிலும் நிறைந்திருந்தன. மூச்சுத்தான் இல்லை. உலகைக் காணாமலே வயிற்றுக்குள் அணைந்துபோன அந்தச் சிற்றுயிருக்காகவும் சேர்த்து ஊர் அழுதது.

பிளந்த ஓடத்தின் பலகையைப் பற்றிக் கரைசேர்ந்த உத்திராபதியை ஊரார் சூழ்ந்துகொண்டனர். “குடிச்சிட்டு ஓட்டுனியாடா, பாவி? நெறமாசக்காரிய ஏத்திக்கிட்டு வரோம்னு நெனப்பு வேணாமா?” என்று அவன் முகத்தில் மண்ணை வாரி இறைத்தாள் விருத்தாம்பாள் என்னும் உறவுக்காரி. அவனோ நீர் சொட்ட, பனிமூட்டத்தில் காலில் தட்டுப்பட்ட மரத்தின்மேல் சரிந்து அமர்ந்தான். அது எந்த மரம் என்று அவன் குனிந்து பார்க்கவில்லை.

நூர்முகம்மது கொளஞ்சியப்பனைப் பார்த்தார். சொல்லவேண்டிய சொல் யாருடையது என்பதை இருவருமே அறிந்திருந்தனர். இறைத்த மண் ஓடக்காரனின் கன்னத்தில் சேறாய் வழிந்தது. மகளின் குளிர்ந்த கையைப் பற்றியபடி கொளஞ்சியப்பன் தலைகுனிந்தார்.

உத்திராபதி, தன்னைத் திட்டிய எவரையும் நோக்காது, அவர் ஒருவரையே நோக்கிக் கைகூப்பினான்.

“நெட்டப் பனையோட தலய கலசத்துல வச்சித்தான் மாமா வந்தேன், ஒரு இம்மியும் தவறல... அந்தக் கல்லு எப்படி மாமா எங்குறுக்கால வந்துச்சி?”