நீல அட்டை, சிவப்பு அட்டை, என் வாயில் பஞ்சு

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துப் பிடிக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடந்தபோது தானாக வந்து காதில் விழுந்தது.

இன்று காலை எங்கள் தெருமுனைப் பல் டாக்டரிடம் கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை. இரண்டு கன்னத்திலும் பஞ்சு, உதடு மூடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் வளையம், எச்சிலை உறிஞ்ச ஒரு குழாய். இந்தத் தெருவில் யார் வீட்டு வாசலில் புதுச் செருப்பு கிடந்தாலும் யாருடையது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவளைப் படுக்கப்போட்டு, வாயை அடைத்து, உலகத்திலேயே ருசியான ஒரு குடும்பச் சண்டையை எடுத்துச் சொன்னால் அது வைத்தியமா, வதையா?

"உங்ககிட்டதான்க்கா சொல்லணும். நடுவுல பேச மாட்டீங்க" என்றாள் டாக்டர்.

என்னைப் பார்த்து ஒருத்தி சொன்ன வார்த்தை அது. சாட்சிக்கு யாரும் இல்லாமல் போய்விட்டார்கள்.

2

வீட்டுக்கு வந்து, கன்னம் மரத்திருக்கும்போதே மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவே நின்று, இரண்டு பக்கத்துக் கண்ணீரையும் ஒரே முந்தானையில் துடைத்த அவள்" (அடித்தாயிற்று. அவள் வேலைக்குப் போடுவது பச்சை மேலங்கி. யாரும் அழவும் இல்லை.)

இரண்டாவது: "அந்தப் பாடகிக்கு மேல்வரிசை முன்பற்களுக்கிடையே ஓர் இடைவெளி இருந்தது." (நல்ல வாக்கியம்தான். ஆனால் முடிச்சை முதலிலேயே அவிழ்த்துவிடுகிறது. இதைப் படித்ததை மறந்துவிடுங்கள்.)

மூன்றாவது: "'ஏங்க, அந்தப் பொம்பளையக் கொஞ்சம் நிறுத்துங்க, சாப்பாடு ஆறுது!' என்றாள் டாக்டர்." (இது கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. பாதியை நானே சேர்த்தேன்.)

ஒரே கதை, மூன்று வாசிப்பு. ஒன்று இழுக்கிறது, ஒன்று ஓடுகிறது, ஒன்று சத்தம் போடுகிறது. எது நல்லது என்று தீர்ப்பு சொல்வதற்கென்றே ஓர் உத்தியோகம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? டாக்டரின் கணவருக்கு அதுதான் பிழைப்பு.

3

அவர் வானொலியில் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வருகிறவர். மேற்கத்திய செவ்வியல் இசையில் ஏதேனும் ஒரு படைப்பை எடுத்து, அதன் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, இவள் அழுத்துகிறாள், அவன் ஓட்டுகிறான், இந்தக் குழுவின் கொம்பு வாத்தியங்களுக்கு ஜலதோஷம் என்றெல்லாம் சொல்லி, கடைசியில் ஒன்றைக் கைகாட்டுவார். அத்தனையிலும் சுரம் ஒன்றுதான், சொல்லும் ஒன்றுதான். வேறுபடுவது மூச்சு விடும் இடம் மட்டும். நான்கூட முதலில் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நம் தெருவில் ஒரே கல்யாணப் பேச்சை நாலு வீட்டில் நாலு விதமாகக் கேட்டுவிட்டு, மூன்றாவது வீட்டுக்காரி சொன்னதுதான் அசல் என்று நான் முடிவுகட்டுவதில்லையா? அதே தொழில்தான். அவருக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அவருடைய உயிர் ஒரு பாடல் கோவையில் இருக்கிறது. பெரிய வாத்தியக் குழு பின்னால் இருக்க, ஒரே பெண் பாடும் ஐந்து பாட்டு. ஒருத்தி வீட்டைக் காலி செய்கிறாள். பாட்டுக்கு ஓர் அறையாகப் பூட்டிக்கொண்டு வருகிறாள். நாலாவது பாட்டில் குழு முழுவதும் சட்டென்று நின்றுவிடும். ஒரு நீண்ட மௌனம். அப்புறம் அவள் குரல் மட்டும் தனியாக.

அந்தக் கோவையின் பதிவுகளில் இதுதான் உசத்தி என்று கணவர் சத்தியம் செய்வது நீல அட்டை போட்டது. டாக்டரின் அண்ணன் சத்தியம் செய்வது சிவப்பு அட்டை போட்டது. அண்ணன் நகர வாத்தியக் குழுவில் வயோலா என்கிற பெரிய வயலினை வாசிப்பவர். இனி இருவரையும் நீலம், சிவப்பு என்றே சொல்கிறேன். உண்மைப் பெயரைச் சொன்னால் அடுத்த சிகிச்சையில் டாக்டர் எனக்கு ஊசியைக் குறைத்துப் போடுவாள்.

4

சண்டை டாக்டரின் சாப்பாட்டு மேசையில்தான் தொடங்கியது.

"உங்க நீலக்காரி பல்வலியோட பாடுறா மாப்பிள்ளை" என்றார் சிவப்பு.

"உங்க சிவப்புக்காரிக்குப் பல்லே இல்லையே மச்சான். அவளுக்கு எப்படி வலிக்கும்?" என்றார் நீலம்.

அதோடு விட்டிருக்கலாம். "வாசிக்கத் தெரியாதவன்தான் தீர்ப்பு சொல்லப் போவான்" என்று ஒரு வார்த்தை வந்தது. "பின்வரிசையில உட்கார்ந்து இழுக்கறவங்களுக்கு முன்னால நடக்கறது கேக்காது" என்று இன்னொரு வார்த்தை வந்தது. சிவப்பு பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அன்றோடு பேச்சு நின்றது. வருடக் கணக்காக நின்றது. அவர் வீட்டில் இவர் கால் வைப்பதில்லை, இவருடைய நீல அட்டையை அவர் தொடுவதில்லை. இரண்டு வீட்டுக்கும் போகிற ஒரே ஆள், அதனால் இரண்டு பதிவையும் வேண்டாம் வேண்டாம் என்கிற அளவுக்குக் கேட்ட ஒரே ஆள், நம் டாக்டர்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மறுபடி கேட்டுப் பார்க்காமலே ஒரு விமர்சகர் இத்தனை வருடம் ஒன்றைத் திட்டுவாரா? கேட்கலாம் என்று வாயெடுத்தேன், குழாய் உறிஞ்சிவிட்டது. பரவாயில்லை. எதிர்வீட்டு மாடியில் புதிதாக வந்தவளை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. அவள் சரியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.)

5

"போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன்க்கா. சிவப்பு அட்டை ஓடிட்டிருந்துச்சு. நாலாவது பாட்டு. எல்லாம் நின்னுச்சு. அந்த மௌனத்துல யாரோ நாற்காலியில அசைஞ்சாங்க. க்ரீச்."

"ஆ?"

"எங்க வீட்டு நீலத்துலயும் அதே இடத்துல அந்த க்ரீச் வரும்க்கா."

[துளைக்கும் இயந்திரம் ஓடியது. ஒரு நிமிடம் எதுவும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் இழந்த மிக முக்கியமான நிமிடம் இது. இந்த இடத்தை என் கற்பனையால் நிரப்பலாம் என்று பார்த்தேன். துணிச்சல் வரவில்லை, காலியாகவே கிடக்கட்டும்.]

"...காத்து விசிலடிக்கிற சத்தம். 'ஸ்' வர்ற இடத்துல எல்லாம். முன்பல்லுல இடைவெளி இருந்தாதான் அப்படி வரும். ரெண்டு பேருக்குமே அந்த இடைவெளி இருக்குன்னு எனக்கு எப்பவோ தெரியும். அக்கா தங்கச்சியா இருப்பாங்கன்னு நினைச்சேன். இப்படி ஒரு முட்டாள் உண்டா?"

நாற்காலியிலிருந்து எழப் பார்த்தேன். நெஞ்சில் கை வைத்து அழுத்தினாள்.

"அசையாதீங்க, நரம்பு பக்கத்துல இருக்கேன். இங்க வந்து கதவைச் சாத்திட்டு, ரெண்டு போன்ல ரெண்டையும் ஏத்தி, ஒரு காதுல நீலம், ஒரு காதுல சிவப்பு. ஒண்ணா ஓட விட்டேன். என்ன ஆச்சு தெரியுமா? ரெண்டு பாடகி இல்லக்கா. ஒருத்தி. என் மண்டைக்கு நட்ட நடுவுல வந்து நிக்கறா. நாற்காலி ஒரே ஒரு தடவைதான் கிறீச்சிட்டுது."

ஒரே பதிவு! ஏதோ ஒரு கம்பெனி நொடித்துப்போயிருக்கிறது, ஒலிநாடா கைமாறியிருக்கிறது, வாங்கியவன் இல்லாத ஒரு பாடகிக்குப் பெயர் வைத்து, சிவப்பு அட்டை போட்டு விற்றிருக்கிறான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறாள் டாக்டர்.

அப்படியானால் நீல அட்டையில் இவர் கேட்ட ஆழம் எங்கிருந்து வந்தது, சிவப்பு அட்டையில் அவர் கேட்ட மினுமினுப்பு எங்கிருந்து வந்தது?

"எங்க வீட்டு அறை முழுக்கக் கம்பளம், கனத்த திரை. அண்ணன் வீட்டுல மொட்டைத் தரை, கண்ணாடி ஜன்னல். இத்தனை வருஷமா பாடகிக்காகச் சண்டை போடலக்கா இவங்க. எங்க வீட்டுத் திரைச்சீலையும் அவங்க வீட்டுத் தரையும் மோதிக்கிட்டு இருந்திருக்கு."

பஞ்சு வாயோடு சிரிக்க முயலாதீர்கள். புரையேறும்.

6

சிரித்து முடிப்பதற்குள் அவள் முகம் மாறியது. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. இருந்தாலும் சொல்கிறேன், மாறியது.

இன்று சனிக்கிழமை. இன்றைய நிகழ்ச்சியில் அந்தக் கோவைதான். நிலையத்தார் சும்மா இருக்காமல் சிவப்பை விருந்தாளியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீலமும் சிவப்பும் நேருக்கு நேர், நேரடி ஒலிபரப்பு. நாலாவது பாட்டை இரண்டு பதிவிலும் அடுத்தடுத்துப் போடுவார்கள். ஒரே அறை, ஒரே ஒலிபெருக்கி. திரைச்சீலையும் கிடையாது, மொட்டைத் தரையும் கிடையாது. க்ரீச், க்ரீச். ஊரே கேட்கும்.

"சொல்லிட வேண்டியதுதானே, இதில் என்ன யோசனை" என்கிறீர்களா? நானும் கண்ணால் அதைத்தான் கேட்டேன்.

"இந்த நிகழ்ச்சி முடிவானதுலேர்ந்து, பத்து நாளா ரெண்டு பேரும் போன்ல பேசிக்கறாங்கக்கா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "பேச்சுன்னா, கத்தல்தான். 'மச்சான், மூணாவது பாட்டுல உங்காளு எட்டு வைக்கிறாளா, தவழுறாளா?'ன்னு இவர் கேக்கறார். 'வாங்க மாப்பிள்ளை, மைக் முன்னால காட்டறேன்'னு அண்ணன். போனை வெச்சுட்டு இவர் சமையலறைக்கு வந்து சிரிக்கறாரு. நேத்து, 'உங்கண்ணனுக்கு முட்டி வலியாம்'னு சொல்றாரு. முட்டி வலி வரைக்கும் பேசியிருக்காங்க! இப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு நான் போய்ச் சொன்னா, எதை வெச்சுப் பேசுவாங்க? வெட்கத்துல ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க மாட்டாங்க. சொல்லலைன்னா ஊர் முன்னால மானம் போகும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்னு தெரிஞ்சா, அப்புறம் ரெண்டு பேருமே எங்கிட்ட பேச மாட்டாங்க."

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

மெதுவான பதிவு: அவள் சொல்லிவிடுகிறாள். நீலம் திரைச்சீலையைத் தடவியபடி வெகுநேரம் நிற்கிறார். நிகழ்ச்சியில் வேறு ஏதோ (நின்றுபோன வாக்கியம். அவர் அப்படியெல்லாம் தடவுகிறவர் இல்லை.)

வேகமான பதிவு: அவள் சொல்லவில்லை. நேரடி ஒலிபரப்பில் இரண்டாவது க்ரீச். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்து வெடித்துச் சிரிக்கிறார்கள். (எனக்கு இதுதான் ஆசை. ஆசைக்கு எழுதினால் அது கதையா?)

குறுக்குச்சால் பதிவு: அண்ணனிடம் மட்டும் சொல்கிறாள். அண்ணன் தெரியாதது போல நடித்து (வேண்டாம். வயோலாக்காரர், நடிகர் இல்லை.)

8

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். கையுறையைக் கழற்றப் போனவள் நின்று, என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள்:

"நீங்களே சொல்லுங்கக்கா. சொல்லிடவா?"

தெருவில் யாரும் கேட்காமலே ஆயிரம் யோசனை சொன்னவள் நான். முதன்முதலாக ஒருத்தி மனதாரக் கேட்கிறாள், என் உதடு மூடாது! 'ம்' சொல்ல உதடு மூட வேண்டும். 'ஊஹூம்' சொல்லவும் கடைசியில் மூட வேண்டும். 'ஆமாம்', 'வேண்டாம்' எல்லாவற்றிலும் அந்தப் பாழாய்ப்போன 'ம்' வந்து நிற்கிறது. தலையாட்டலாம் என்று வாயாடி எனக்குத் தோன்றினால்தானே! வாய் திறந்தபடியே வருவது ஒரே எழுத்து.

"ஆ" என்றேன்.

நம் மொழியில் அது ஆமாம் இல்லை, இல்லையும் இல்லை. சொல்லவா, கொள்ளவா என்று சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு கேள்வியாக்குகிற எழுத்து. அவள் கேள்வியின் வாலை நறுக்கி அவள் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "சரிக்கா" என்றாள். "புரிஞ்சுது."

என்னடி புரிந்தது!

9

மணி ஆறாகப் போகிறது. ரேடியோவை மேசையில் வைத்திருக்கிறேன். கன்னத்தில் உணர்வு திரும்பி விண்விண் என்கிறது. டாக்டரின் கிளினிக் விளக்கு அணைந்திருக்கிறது, வண்டியையும் காணோம். நிலையத்துக்குப் போனாளா, வீட்டுக்கா, என் ஜன்னலிலிருந்து அவ்வளவு தூரம் தெரியாது. எக்கியும் பார்த்துவிட்டேன்.

இதோ, அறிவிப்பாளர். இதோ, நீலம் தொண்டையைச் செருமுகிறார். பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டி வலியில் முனகிக்கொண்டு உட்காருகிறார்கள். "பார்த்து மச்சான்" என்கிறார் நீலம்.

எழுதிக்கொண்டே கேட்க என்னால் ஆகாது. ஒரு சொல் தவறினாலும் எனக்குத் தாங்காது. முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், பேனாவை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். உஸ்ஸ், நாலாவது பாட்டு